சிறை சென்ற நகரவை

இலண்டன் மாநகரின் கிழக்கு மூலையிலிருந்து, 1921-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் ஓர் ஊர்வலம் புறப்பட்டது. முன்னே பாண்டு வாத்திய முழக்கம். பதவித் தண்டத்தைத் தூக்கிக்கொண்டு நகரவைச் சேவகர். அவரை அடுத்து மேயர், கழுத்திலே பதவிச் சங்கிலியோடு. மேயருக்குப் பின்னே கவுன்சிலர்கள், கவுன்சிலர்களுக்குப் பின்னே ஊர்மக்கள். பார்த்தவர்கள், ஏதோ பாலம் திறக்கப் போகிறார்கள், அல்லது யாரோ பிரபுவுக்கு வரவேற்புப் பத்திரம் வாசிக்கப் போகிறார்கள் என்றுகூட எண்ணியிருப்பார்கள். அவர்கள் தூக்கிச் சென்ற பதாகை வேறு சேதி சொல்லிற்று. பாப்ளர் நகரவை உயர்நீதி மன்றம் செல்கிறது; அங்கிருந்து சிறைக்குச் செல்ல நேர்ந்தாலும் நேரலாம் என்பது அந்தச் சேதி!

கவுன்சிலர் ஒருவர் இருவர் சிறை சென்ற கதை எந்த ஊரிலும் கேட்கலாம். கணக்கை மாற்றிச் சென்றவர் உண்டு, காண்ட்ராக்டில் கை நனைத்துச் சென்றவர் உண்டு. ஊர் ஏழைக்காக வரிப்பணத்தைக் கட்ட மறுத்து, ஒரு நகரவையே திரண்டு சிறை சென்ற கதை இது. அந்தக் கதைக்கு நடுநாயகமாக நின்றவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. அன்று அவருக்கு வயது 62.

பாப்ளர் என்ற பெயர் நம்மிலே பலருக்குப் புதிது. ஆனால், தோழர்களே, பாப்ளருக்கு நம் நாடு புதிதல்ல. கிழக்கிந்தியக் கப்பல் துறை 1806-இல் திறக்கப்பட்டது அங்கேதான். நம் கடற்கரைகளிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் வாரிச் சென்ற சரக்கெல்லாம் அங்கே இறங்கிற்று. சரக்கு இறங்கியது, செல்வம் மேற்கு இலண்டனுக்குப் போயிற்று, இறக்கிய கூலிக்காரன் மட்டும் பாப்ளரிலேயே தங்கினான். காலையிலே துறைமுக வாயிலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி வந்து யாரைச் சுட்டுகிறானோ அவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்கு வெறுங்கை. நகரம் வளர வளர இந்தக் கூட்டமும் வளர்ந்தது. 1921-இல் பாப்ளரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,60,000.

லான்ஸ்பரி பிறந்தது இலண்டனில் அல்ல. 1859-இல், சஃபோக் மாவட்டத்திலே ஹேல்ஸ்வொர்த் அருகே பிறந்தார். தந்தை, இரயில்பாதை போடும் கூலிப்படையில் பணியாற்றியவர். பாதை போகும் இடமெல்லாம் குடும்பமும் போயிற்று. 1868 வாக்கில் இலண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பள்ளிப் படிப்பு அரைகுறை. பிறகு வண்டிகளிலிருந்து நிலக்கரி இறக்கும் வேலை. 1880-இல் பெஸ்ஸி என்ற பெண்ணை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, வறுமையிலும் வழக்கிலும் சிறையிலும் அவருக்குத் துணை நின்ற அந்த அம்மையாரைப் பற்றி ஏடுகள் எழுதியது குறைவு. தலைவர்களின் மனைவியர் விஷயத்திலே ஏடுகள் எங்கும் ஒரே மாதிரிதான்!

1884-இல் இளங்குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். வேலை குவிந்து கிடக்கிறது, கூலி கொட்டுகிறது என்று ஏஜெண்டுகள் விளம்பரம் செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், கல் உடைக்கும் வேலை கிடைப்பதே அருமை. மறு ஆண்டே, மாமனார் அனுப்பிய பணத்தில் திரும்பி வந்தார். தேயிலைத் தோட்டத்திற்கும் கரும்புத் தோட்டத்திற்கும் கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பலேறிய குடும்பங்களை அறிந்த நமக்கு, இந்த ஏமாற்றத்தின் எரிச்சல் நன்றாகவே புரியும். அவர் திரும்பி வந்து வீட்டுக்குள் முடங்கவில்லை. வேலை நாள் முழுதும் மாமனாரின் மரப்பட்டறையில். மாலையிலே, கூட்டம் கூட்டமாகப் போய், குடியேற்ற ஏஜெண்டுகளின் புளுகை உடைத்தார். உண்மைத் தகவல் தருவதற்கென்று அரசாங்கமே ஓர் இலாகா திறக்க நேர்ந்தது. தன் துன்பத்தை ஊர்ப் பிரச்சினையாக மாற்றும் வித்தை அவருக்கு அங்கே கைவந்தது.

முதலில் அவர் லிபரல் கட்சியின் தேர்தல் ஏஜெண்டு. 1889-இல் இலண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு முதன்முறையாகத் தேர்தல் வந்தபோது, ஜேன் காப்டன் என்ற அம்மையாருக்காக வேலை செய்து வெற்றி தேடித் தந்தார். வென்ற அம்மையாரை அவையிலே செயல்பட விடவில்லை சட்டம்! பெண்ணாயிற்றே என்று வழக்கு மேல் வழக்கு. தன் கட்சியோ இதற்காகக் கச்சை கட்டத் தயாராக இல்லை என்பதை லான்ஸ்பரி கண்டார். சில ஆண்டுகளில் அந்தக் கட்சியை விட்டு வெளியேறிச் சோஷலிஸ்ட் ஆனார்.

1893-இல் பாப்ளரின் ஏழைப் பராமரிப்புக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் குழுவின் பொறுப்பிலே இருந்தது ‘ஒர்க் ஹவுஸ்’ என்ற ஏழை விடுதி. விடுதி என்று பெயர். உள்ளே போனால் சிறை! வேலையற்றவன், கிழவன், கைவிடப்பட்டவள், அனாதைப் பிள்ளை, எல்லோரும் அங்கே. ஏழையாக இருப்பதே ஒரு குற்றம், அதற்கு அவமானமே தண்டனை, அந்த அவமானத்துக்கு அஞ்சி எவனும் உதவி கேட்டு வரக்கூடாது என்பது அந்த நாள் சட்டத்தின் நோக்கம். ஒரு மாலை, கஞ்சி வழங்கும் நேரத்தில் லான்ஸ்பரி போய்ப் பார்த்தார். கஞ்சியிலே கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதந்தது. என்னவென்று ஆராய்ந்தால் எலிப் புழுக்கை. அதிகாரியைக் கூப்பிட்டு அங்கேயே கேள்வி கேட்டார்.

வில் குரூக்ஸ் என்ற தொழிலாளித் தோழரும் அவரும் சேர்ந்து அந்த விடுதியைத் தலைகீழாக மாற்றினார்கள். உண்ணத் தக்க உணவு வந்தது. ஏழை என்று முத்திரை குத்திய சீருடை போயிற்று. குழந்தைகளுக்கு நல்ல பள்ளி வந்தது. ஊதாரித்தனம் என்று மேலிடம் விசாரணை வைத்தது. 1905-இல் அதே மேலிடம், ஏழைச் சட்டத்தை ஆராய அமைத்த ராயல் கமிஷனில் அவரையும் உறுப்பினராக்கிற்று. கமிஷனின் பெரும்பான்மை ஒரு பக்கம் போக, பியாட்ரிஸ் வெப் அம்மையாரோடு சேர்ந்து தனி அறிக்கையில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று கூறிய அறிக்கை அது.

1910 இறுதியில் பார்லிமெண்ட் உறுப்பினரானார். இரண்டே ஆண்டுகளில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தன் இடத்தை ராஜினாமா செய்து, மீண்டும் நின்று, தோற்றார். வீரம்தான், விவேகமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஒரு தொகுதி போயிற்று, பத்தாண்டுக் காலம் அந்த மன்றத்தில் அவர் குரல் இல்லை. ஆனால், மன்றம் போனதால் அவர் ஓய்ந்தாரா? 1913-இல் அதே கிளர்ச்சிக்காகச் சிறை சென்று உண்ணாவிரதம் இருந்தார். ‘டெய்லி ஹெரால்டு’ ஏட்டின் ஆசிரியராக அமர்ந்து, முதல் உலகப் போரை எதிர்த்து எழுதினார்.

1919 நவம்பர்த் தேர்தல். பாப்ளர் நகரவையின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. கப்பல் துறைத் தொழிலாளி, இரயில்வேத் தொழிலாளி, குடும்பப் பெண், இவர்கள் கையிலே நகரம் வந்தது. லான்ஸ்பரி மேயர். வீடுகள் கட்டத் திட்டம், குளிக்கவும் துணி துவைக்கவும் பொது இடங்கள், பிள்ளைகளுக்குப் பால், காசநோய்க்கு மருத்துவம் என்று வேலைகள் தொடங்கின. 1920-இல் நகரவை ஊழியருக்குக் குறைந்த கூலி வாரத்துக்கு 4 பவுன் என்று விதித்தார்கள். ஆணுக்கும் 4 பவுன், பெண்ணுக்கும் 4 பவுன்!

இத்தனைக்கும் பணம்? இங்கேதான் சிக்கல். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் போராட்டமே இந்தக் கணக்கில்தான் பிறந்தது.

இலண்டன் அன்று பல நகரவைகளாகப் பிரிந்து கிடந்தது. நகரவையின் வருமானம் வீட்டு வரி. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பிலே, பவுனுக்கு இத்தனை பென்னி என்று வரி போடுவார்கள். மேற்கே வெஸ்ட்மின்ஸ்டரில் மாளிகைகளும் ஓட்டல்களும் பெருங்கடைகளும் இருந்தன. அங்கே பவுனுக்கு ஒரு பென்னி போட்டால் பெட்டி நிரம்பும். பாப்ளரில் இருந்தவை கூலிக்காரன் குடியிருந்த சின்ன வீடுகள். அதே ஒரு பென்னி போட்டால் பெட்டியின் அடி நனையாது. ஆனால், வேலையில்லாதவனுக்கு உதவித்தொகை தரும் பொறுப்பு அந்தந்த ஊரின் தலையிலே! எங்கே வேலையில்லாதவன் அதிகமோ, அங்கேதான் வரி கட்டும் வலிவு குறைவு. பசித்தவன் பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும், புசித்தவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது ஏற்பாடு.

இதோடு நிற்கவில்லை. தன் ஊர்ச் செலவு போக, இலண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய வாரியம் ஆகிய நான்கு மேலமைப்புகளுக்கும் ஒவ்வொரு நகரவையும் வரி வசூலித்துக் கட்டியாக வேண்டும். போருக்குப் பின்னே 1920 முடியும் தருவாயில் தொழில் படுத்தது. துறைமுகத்தில் கப்பல் குறைந்தது, வாயிலில் ஆள் பெருகினான். உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை ஏறிற்று. வரியை ஏற்றினால் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றுவான். வேலையுள்ள தொழிலாளியும் நசிவான். உதவியைக் குறைத்தால் வேலையற்றவன் குடும்பம் பட்டினி.

1921 மார்ச்சிலே நகரவை கூடி முடிவெடுத்தது. ஊர்ச் செலவுக்கும் ஏழை உதவிக்கும் மட்டும் வரி போடுவது. மேலமைப்புகள் நான்கிற்கும் வசூலிக்கவும் மாட்டோம், கட்டவும் மாட்டோம் என்பது அந்த முடிவு. செல்வமுள்ள பகுதியும் ஏழைப் பகுதியும் சேர்ந்து சுமக்கட்டும், வரியைச் சமப்படுத்துங்கள் என்பது கோரிக்கை.

ஒரு நள்ளிரவில் பத்துப்பேர் கூடி எடுத்த முடிவல்ல இது. இதைக் கழகத் தோழர்கள் எந்த ஊரிலும் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் தெரு முனைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் நகர மண்டபத்திலும், இந்தப் பென்னிக் கணக்கை விளக்கிக்கொண்டே இருந்தார்கள். பவுனுக்கு எத்தனை பென்னி, அதிலே எத்தனை யாருக்குப் போகிறது என்பதை மூட்டை தூக்குகிறவனும், துணி துவைக்கிறவளும் பேசுமளவுக்கு விளக்கினார்கள். கவுன்சிலர்கள் அதே தெருக்களில் குடியிருந்தவர்கள். வீட்டைத் தேடிப் போகத் தேவையில்லை, வாசலில் நின்றாலே ஊர் எதிர்ப்படும். லான்ஸ்பரியின் வீடு போ ரோடிலே 39-ஆம் எண். வேலை கேட்டு, வழி கேட்டு, ஆறுதல் கேட்டு வருகிறவர்களுக்கு அது மூடாத கதவு. பட்ட கடனைப் பதவி வந்தபின் மறக்காத உறவு அது. பிறகு சிறைவாசல் வரை கூட வந்ததும் அந்த உறவுதான்.

கவுண்டி கவுன்சில் வழக்குப் போட்டது. நாம் முதலில் கண்ட ஊர்வலம் அந்த வழக்குக்காகத்தான். ஐந்து மைல் நடந்தார்கள். சட்டம் தெளிவாக அவர்களுக்கு எதிராக இருந்தது. அதை அவர்களும் மறுக்கவில்லை. பணத்தைக் கட்டு, அல்லது சிறைக்குப் போ என்றது நீதிமன்றம். மேல் முறையீடும் தோற்றது. செப்டம்பர் முதல் நாள் கைதுகள் தொடங்கின. மொத்தம் 30 பேர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் 5 பேர் ஹாலோவே சிறைக்கு. அப்போது மேயராக இருந்த சாம் மார்ச் சிறையில். லான்ஸ்பரி சிறையில், அவர் மகன் எட்கர் சிறையில், மருமகள் மின்னி சிறையில். நெல்லி கிரெஸ்ஸால் என்ற கவுன்சிலர் அம்மையார் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி, அவரும் சிறையில்! பெண்களைக் கொண்டுபோன அன்று தெருக்களில் பெருங்கூட்டம் உடன் நடந்தது.

உள்ளே உணவு மோசம், அறை மோசம். இவர்களோ ஏழை விடுதியையே மாற்றிக் காட்டியவர்கள், சும்மா இருப்பார்களா! கூட்டாகக் குரல் எழுப்பிச் செய்தித்தாள் பெற்றார்கள், ஒருவரை ஒருவர் சந்திக்கும் உரிமை பெற்றார்கள். அடுத்து, நகரவைக் கூட்டம் நடத்த வேண்டும் என்றார்கள். கவுன்சிலர்களில் பெரும்பான்மை உள்ளே இருக்க, நகரத்து வேலையை யார் பார்ப்பது? சிறை நிர்வாகம் திகைத்தது. கடைசியில் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே பாப்ளர் நகரவை கூடிற்று. பெண் கவுன்சிலர்களை ஹாலோவேயிலிருந்து மோட்டாரில் ஏற்றி வந்தார்கள். தீர்மானங்கள் நிறைவேறின, நிகழ்ச்சிக் குறிப்பு எழுதப்பட்டது. சிறைச்சுவருக்கு வெளியே மாலைதோறும் கூட்டம். கம்பியிட்ட சன்னல் வழியே லான்ஸ்பரி அவர்களிடம் பேசினார். வெள்ளை மீசையும் கனத்த குரலும் கொண்ட கிழவர். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

தொழிற்கட்சிக்குள்ளேயே எல்லோரும் இதை ஆதரித்தார்கள் என்று சொன்னால் பொய். ஹாக்னி மேயராக இருந்த ஹெர்பர்ட் மாரிசன் எதிர்த்தார். சட்டத்தை மீறுகிறவர்கள் நாளை நாடாளத் தகுதியற்றவர்கள் என்ற பெயர் கட்சிக்கு வந்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1934-இல் அதே கவுண்டி கவுன்சிலைத் தேர்தலில் வென்று, நிர்வாகத்தைத் திறம்பட நடத்திக் காட்டியவர் மாரிசன். ஆனால் 1921-இல் அவரும் மற்ற மேயர்களும் பிரதமர் லாயிட் ஜார்ஜைத் தேடி ஸ்காட்லாந்து வரை போய்ப் பேசினார்களே, அந்தப் பேச்சுக்குக் காது கிடைத்தது எதனால்? பிரிக்ஸ்டனில் 25 பேரும் ஹாலோவேயில் 5 பேரும் கம்பிக்குள்ளே இருந்ததால்!

பக்கத்து நகரவைகளான பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் தாங்களும் வரி கட்டப்போவதில்லை என்று தீர்மானித்தன. தீ அடுத்த கூரைக்குப் பரவுகிறது என்று கண்ட அரசாங்கம் இறங்கி வந்தது. கர்ப்பிணியான நெல்லியை செப்டம்பரிலேயே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 12-ஆம் நாள் மற்றவர்கள் விடுதலை. மன்னிப்புக் கேட்கவில்லை, வரிப் பிரச்சினையைப் பேசும் மாநாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்கள் நீதிமன்றத்திற்குச் சொன்ன காரணம். ஆண்டு முடிவதற்குள் சட்டம் வந்தது. வேலையற்றோர் உதவிச் செலவை இலண்டன் முழுவதும் பொது நிதி மூலம் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்றாயிற்று. வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னி பாப்ளரின் அடுப்புக்கு வந்தது.

விலை கொடுக்காமல் வரவில்லை. மருமகள் மின்னி, ஆசிரியையாக இருந்தவர், பெண்ணுரிமைப் போராளி, சிறையிலிருந்து வந்த சில வாரங்களில் காய்ச்சலில் விழுந்தார்; அது நிமோனியாவாயிற்று. 1922 புத்தாண்டு தினத்தன்று மறைந்தார். வயது 32. அவர் நினைவாக போ ரோடில் ஒரு கட்டடத்தின் முகப்பிலே கடிகாரம் ஒன்று வைக்கப்பட்டது.

4 பவுன் கூலிக்கும் ஆபத்து வந்தது. விலைவாசி இறங்கிய பிறகும் கூலியைக் குறைக்க நகரவை மறுத்தது. கணக்குத் தணிக்கை அதிகாரி, அதிகமாகக் கொடுத்ததென்று 5,000 பவுனைக் கவுன்சிலர்களின் தலையிலே கட்டினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1925-இல் தீர்ப்பு: அந்தக் கூலி நியாயமற்றது, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாகக் கொடுத்தது வீம்பு என்ற போக்கிலே அமைந்தது. தேர்தலில் நின்று, இந்தக் கூலியைத் தருவோம் என்று சொல்லி, வாக்கு வாங்கி வந்தவர்கள் அவர்கள். எந்தத் தெருவிலும் வாக்குக் கேட்டு நின்றறியாத பிரபுக்கள், இத்தனைதான் கொடுக்கலாம் என்று வரையறுத்தார்கள். ஊராட்சியின் கைக்கு எட்டும் தூரம் எதுவரை என்பதை அந்தத் தீர்ப்பு முகத்தில் அடித்தாற்போல் காட்டிற்று.

அந்த ஆண்டின் இறுதியில்தான் லான்ஸ்பரி பார்லிமெண்டிலே இந்தியாவுக்கென ஒரு மசோதா கொண்டுவந்தார். அடையாறிலிருந்த அன்னி பெசண்ட் அம்மையாரின் முயற்சியில் உருவான, சுயாட்சி கோரும் மசோதா. அது நிறைவேறவில்லை. 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்ற காந்தியார், சீமான்களின் மாளிகைகளை விட்டுவிட்டுத் தங்கியது லான்ஸ்பரியின் ஊரிலே, போ பகுதியின் கிங்ஸ்லி மண்டபத்தில். அதை நடத்திய மூரியல் லெஸ்டர் அம்மையாரும் பாப்ளர் நகரவையிலே இருந்தவர்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1922-இல் மறுபடியும் பார்லிமெண்ட். 1929-இல் அமைச்சர், சீமான்கள் உலாவிய ஹைடு பூங்காவின் ஏரியிலே, எளியவர்கள் குடும்பத்தோடு குளிக்க இடம் அமைத்தார். 1931 தேர்தலில் கட்சி நொறுங்கியது. எஞ்சியவர்களுக்குத் தலைவராக நின்று கட்சியைக் காத்தார். போரே கூடாது என்ற கொள்கைப் பிடிப்பால் 1935-இல் தலைமையை விட்டார். 1937-இல் ஹிட்லரைச் சந்தித்து, அந்த ஆளிடமும் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று நம்பினார். பாப்ளரின் தெருவிலே எவர் முகத்தையும் சரியாகப் படித்த கிழவர், பெர்லினில் ஒரு முகத்தைத் தவறாகப் படித்தார்.

1940 மே 7-ஆம் நாள் காலமானார். அஸ்தியைக் கடலில் தூவச் சொல்லியிருந்தார். எந்த ஒரு நாட்டு மண்ணுக்கும் தனியே சொந்தமாக விரும்பவில்லை. போ ரோடில் மூடாத கதவு கொண்ட அந்த வீடு, போர்க்குண்டில் அழிந்தது. குண்டு விழுந்து தரைமட்டமான பாப்ளரில், 1951-இல் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எழுப்பினார்கள். வீடு, பள்ளி, கடைத்தெரு, சந்தைச் சதுக்கம், எல்லாம் ஒரே திட்டத்தில். அதற்கு லான்ஸ்பரி குடியிருப்பு என்று பெயர். 1965-இல் பாப்ளர் நகரவை, பெத்னல் கிரீனோடும் ஸ்டெப்னியோடும் இணைக்கப்பட்டு டவர் ஹாம்லெட்ஸ் என்ற ஒரே நகரவையாயிற்று. அன்று பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தவர்களுக்குத் தோள் கொடுக்கத் தீர்மானம் போட்ட அதே இரண்டு ஊர்கள்.